‘மேற்கோள் கோணம்’ என்றொரு கோணல்

“2040 பாகையின் மேற்கோள் கோணத்தைக் காண்க.” இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து டியூஷன் வகுப்புகளில் கைமாறும் தாள்களில் இந்த வினா இப்போது சர்வசாதாரணம். கோணம் யாரை மேற்கோள் காட்டுகிறது, திருவள்ளுவரையா?

பொருள் எளியது. எவ்வளவு பெரிய கோணமானாலும் அதன் இறுதிப் புயம், அதாவது சுழன்றுவரும் கோடு, எங்கோ ஓரிடத்தில் வந்து நிற்கும். அப்புயத்துக்கும் கிடை அச்சுக்கும் இடையிலுள்ள கூர்ங்கோணம்தான் இது. ஆங்கிலத்தில் ரெஃபரன்ஸ் ஆங்கிள். அந்த முதற்சொல் ‘திரும்பக் கொண்டுவா’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. சைன், கோசைன் பார்க்கும் பழைய நாலிலக்க அட்டவணைகளில் 0 முதல் 90 பாகை வரைதான் பெறுமானம் இருக்கும். 2040 ஐ அதற்குள் இழுத்து வந்தால்தான் விடை. உயர்தரப் பரீட்சையின் இணைந்த கணிதத் தாளுக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது என்பதால் இந்த வேலை இன்றும் கையால்தான் நடக்கிறது.

மொழிபெயர்த்தவர் இந்த ‘இழுத்து வருதலை’ விட்டுவிட்டு, நூலகத்து ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டார். தவறு புதிதல்ல. சைன் என்ற சொல்லே அப்படித்தான் பிறந்தது. வடமொழியில் வில்லின் நாணைக் குறித்த ஜீவா, அரபிக்குப் போய் ஜீப ஆனது. உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்ட அதை, மடிப்பு, மார்பு என்று பொருள்படும் ஜைப் எனப் படித்து, 12 ஆம் நூற்றாண்டில் லத்தீனில் சைனஸ் என்று பெயர்த்துவிட்டார்கள். அது நிலைத்துவிட்டது, மாற்ற முடியாது. அதற்காக நாமும் ஒன்றைத் தொடக்கிவைக்க வேண்டுமா?

‘குறிப்புக் கோணம்’ என்பவர்களும் உண்டு. பரவாயில்லை, சிரிப்பு வராது. ஆனால் அது எதையும் சொல்லவும் இல்லை. ‘சார்புக் கோணம்’ இன்னும் மோசம். நம் பாடப்புத்தகங்களில் சார்பு என்றால் சைன், கோசைன் போன்ற கணிதச் சார்பு. “திரிகோண சார்பின் சார்புக் கோணம்” என்று எழுதி மாணவனிடம் நீட்டினால் அவன் எதைப் பற்றிக்கொள்வான்?

நான் பரிந்துரைப்பது ‘கிடையச்சுக் கூர்ங்கோணம்’. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடத்தில் இந்தப் பெயர் கை கொடுக்கிறது. அதே 2040 ஐ எடுத்துக்கொள்வோம். ஐந்து முழுச் சுற்று, அதாவது 1800 ஐக் கழித்தால் 240. மூன்றாம் கால்வட்டம், அதாவது இரண்டு அச்சுகளும் பிரிக்கும் நாலு பகுதிகளில் மூன்றாவது. 240 இலிருந்து 180 ஐக் கழித்தால் 60. மூன்றாம் கால்வட்டத்தில் தான்சன் (டேன்ஜென்ட்) நேர், அதாவது பிளஸ். ஆகவே 2040 பாகையின் தான்சன் வர்க்கமூலம் 3, ஏறத்தாழ 1.732. இங்கே பலர் செய்வது என்ன? 240 க்கு அருகில் 270 இருக்கிறதே என்று 270 இலிருந்து கழித்து 30 எடுக்கிறார்கள். அது நிலைக்குத்து அச்சோடு அமையும் கோணம். தான்சன் 0.577 என்று வரும்; சைனும் கோசைனும் இடம் மாறிப்போகும். ‘மேற்கோள்’ என்ற பெயரில் எந்த அச்சு என்ற தடயமே இல்லாததால் பிள்ளை கிட்டத்தில் உள்ள அச்சைப் பிடிக்கிறது. இதே காரணத்தால்தான் வெறும் ‘அச்சுக் கூர்ங்கோணம்’ என்று சுருக்குவதையும் நான் ஏற்கவில்லை.

ஒரு மறுப்பு நியாயமானது: 1170 பாகை மூன்று சுற்றுப் போக 90 இல், நிலைக்குத்து அச்சின் மேலேயே நிற்கிறது, அங்கே கூர்ங்கோணம் ஏது? இல்லைதான். அச்சின் மேல் நிற்கும் கோணத்துக்கு இந்த முறையே தேவையில்லை. சைன் 1, கோசைன் 0, தான்சன் வரையறுக்கப்படவில்லை என்று நேரே எழுதிவிட்டுப் போகலாம்.

இதன் கூட்டாளிச் சொல்லும் இதே கதிதான். 240 உம் 2040 உம் ஒரே இடத்தில் முடிகின்றன அல்லவா, அவற்றை ‘இணைமுனையக் கோணங்கள்’ என்கிறார்கள். முனையம் என்றதும் விமானம் நிற்கும் இடம்தான் மனதில் வரும். கோணத்துக்குப் புயம் உண்டு என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறோமே. ‘ஒரே இறுதிப்புயக் கோணங்கள்’ என்றால் போதாதா? மலையகப் பிள்ளைக்கு உதாரணமும் வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது. தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, தான் புறப்பட்ட ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. படத்தில் மேலிருந்து பார்த்தால் இடம் ஒன்றுதான், சுற்று மட்டும் ஒன்று கூடியிருக்கிறது.

இதில் கடல் கடந்த குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. யூடியூப்பில் இந்தியப் பாடங்களைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை நம் கூர்ங்கோணத்தைக் குறுங்கோணம் என்றும், ஆரையை ஆரம் என்றும், ஆள்கூறை ஆயத்தொலைவு என்றும் எழுதிக்கொண்டு வருகிறது. அந்தச் சொற்களில் பிழையில்லை. ஒரே தாளில் இரண்டையும் கலக்கும் ஆசிரியர்மாரிடம்தான் என் கோபம். கூர்ங்கோணத்தில் கூர்மை தெரிகிறது, குறுங்கோணத்தில் சிறுமைதான் தெரிகிறது என்பது என் கட்சி. அதை இன்னொரு நாள் பேசலாம்.

மொழிபெயர்ப்பு வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒன்று. எந்தக் கால்வட்டத்தில் எது நேர் என்று நினைவில் வைக்க ‘ஓல் சில்வர் டீ கப்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வாய்பாடு உண்டு. தேயிலை நாட்டுக்குப் பொருத்தமானதுதான். அதை ‘எல்லா வெள்ளித் தேநீர்க் கோப்பைகளும்’ என்று தமிழாக்கினால் என்ன மிஞ்சும்? முதலெழுத்துகளுக்காகவே பிறந்த வாய்பாட்டில் முதலெழுத்துகளே போய்விட்டன. பேசாமல் ‘எல்லாம், சைன், தான்சன், கோசைன்’ என்று இடஞ்சுழியாக நாலு கால்வட்டத்திலும் எழுதிவிடுங்கள்.

சொல் எதுவானாலும் பிழை விழும் இடங்கள் இன்னும் இரண்டு. மறைக் கோணம் (மைனஸ் கோணம்) வந்தால் கழிக்காதீர்கள், கூட்டுங்கள். மறை 1410 உடன் நாலு சுற்று, அதாவது 1440 ஐக் கூட்டினால் 30, சைன் அரை. மறைக்குறியை மறந்துவிட்டு 1410 ஐ 360 ஆல் வகுத்தால் மீதி 330 வரும், சைன் மறை அரை என்று விடை தலைகீழாகும். பாகைக்குப் பதிலாக ஆரையனில் (ரேடியனில்) வந்தால் பின்னத்தின் கீழெண்ணைப் பாருங்கள்: பையின் ஆறில் ஒன்றுகளாக எண்ணினால் ஒரு முழுச் சுற்று 12, நாலில் ஒன்றுகளாக 8, மூன்றில் ஒன்றுகளாக 6. ஆறில் 29 பை என்றால் இரண்டு தடவை 12 போக மிஞ்சுவது 5. அது இரண்டாம் கால்வட்டம். அரைச் சுற்று 6 இலிருந்து 5 போக 1, அதாவது கிடையச்சுக் கூர்ங்கோணம் 30 பாகை. சைன் அரை, கோசைன் மறை 0.866. பன்னிரண்டுக்குப் பதிலாக ஆறு ஆறாகக் கழித்துப் பழகியவருக்கு ஒற்றை எண்ணிக்கையில் கழிக்கும் போதெல்லாம் சைனும் கோசைனும் குறி மாறி வரும். தான்சன் மட்டும் அரைச் சுற்றுக்கு ஒருமுறை திரும்புவதால் அங்கே ஆறு ஆறாகக் கழித்தாலும் தப்பித்துக்கொள்வார். தன் பிழை அவருக்குத் தெரியாமல் போவதும் அதனால்தான்.