சாரக்கட்டின் சுவர்ப் பிணைப்பைக் கழற்றாதீர்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், நான்கு மாடிக் கட்டடத்தின் முகப்புச் சாரக்கட்டு அண்மையில் வீதிப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேலையாட்கள் தேநீருக்காக இறங்கியிருந்த வேளை என்பதால் எவருக்கும் காயமில்லை. பார்வையிடச் சென்ற என்னிடம் ஒப்பந்தக்காரர் முதலில் சொன்னது, "சேர், பைப் எல்லாம் புதுசு, மேலே பாரமே ஏத்தவில்லை" என்பதுதான். கொழும்பின் வேலைத்தளங்களில் இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

குழாய் பலமானது, பாரம் குறைவு, ஆகவே சாரம் நிற்கும் என்ற எண்ணம் தவறானது. 48.3 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள உருக்குக் குழாய் நசுங்கி முறிவது அரிது. அது வளைந்துதான் வீழ்கிறது. நட்டு நிறுத்திய ஈர்க்கின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள், அது நசுங்காமல் நடுவில் வளைந்து விலகும். பக்கவாட்டில் பிடிக்கப்படாத நீளம் இரு மடங்கானால், ஒல்லியான தூண் தாங்கக்கூடிய சுமை நான்கில் ஒன்றாகிவிடும் என்பதைக் கணித மேதை ஒயிலர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணித்துக் காட்டிவிட்டார். சாரத்தைக் கட்டடச் சுவரோடு பிடித்து நிறுத்துபவை சுவர்ப் பிணைப்புகள். 4 மீற்றருக்கு ஒன்றாக இருந்த அந்தப் பிணைப்புகளில் இடையிலுள்ள ஒன்றைக் கழற்றியவுடன் பிடிப்பில்லாத உயரம் 8 மீற்றராகிவிடுகிறது. குழாய் புதிதா பழையதா என்பது அதன் பிறகு இரண்டாம் கேள்வி.

பாரம் ஏற்றவில்லை என்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். தூசு பறக்காமலிருக்கப் பச்சை வலை கட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வலை கட்டிய கணத்திலிருந்து அந்தச் சாரம் ஒரு பாய்மரம். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்று, ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தருகிறது. 10 மீற்றர் அகலமும் 12 மீற்றர் உயரமும் கொண்ட முகப்பில், வலை அதில் பாதியையே தடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பக்கவாட்டு விசை 1,500 கிலோவாகும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேராக வந்து மோதும் இந்த ஒழுங்கைகளில் இதைக் கணக்கிடாமல் வலை கட்டக்கூடாது. வலையில்லாத சாரத்துக்கு 32 சதுர மீற்றருக்கு ஒரு பிணைப்பும், வலையுள்ளதற்கு 25 சதுர மீற்றருக்கு ஒன்றும் என்பது நீண்டகாலம் வழங்கிவந்த பிரித்தானிய நடைமுறை. அதன்படி மேலே சொன்ன முகப்புக்குக் குறைந்தது ஐந்து பிணைப்புகள் வேண்டும்.

வெள்ளவத்தையில் நான் கண்டதோ, பூச்சு வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதாகச் சொல்லி அவற்றைக் கழற்றிவிட்டு, ஈடாக ஜன்னல் கிரில்லில் சுற்றி முறுக்கியிருந்த கட்டுக்கம்பி. கம்பி இழுப்பைத் தாங்கும், தள்ளலைத் தாங்காது. பிணைப்போ இரண்டையும் தாங்கவேண்டும். ஜன்னல் திறப்பினூடாகக் குழாயைச் செலுத்தி உள்ளும் புறமும் குறுக்குக் குழாயால் சுவரை இறுக்குங்கள். அல்லது கொங்கிறீற்றுத் தூணிலோ வளையிலோ (பீமிலோ), துளைக்குள் விரிந்து இறுகும் விரிவு ஆணி அடியுங்கள். பூச்சிலும் சீமெந்துக் கல்லிலும் அடித்த ஆணியை நம்பவேண்டாம். ஒரு பிணைப்பு வேலைக்குத் தடையாக இருந்தால், அருகில் மாற்றுப் பிணைப்பு இறுகிய பின்னரே அதைத் தொடவேண்டும்.

அடித்தளத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். கால்வாயை ஒட்டிய நிலமும் நிரப்பிய சதுப்பும் மழையில் இளகிவிடும். குழாய்க் காலின் அடித்தகடான பேஸ் பிளேட்டின் கீழே பலகை போடுங்கள். வாய்க்கால் மூடியின் மீதோ, துளையுள்ள சீமெந்துக் கல்லின் மீதோ காலை நிறுத்தாதீர்கள். குழாய்களை ஒன்றோடொன்று பூட்டும் கப்ளர்கள் கடற்காற்றில் துருவேறினால், அவற்றை எண்ணெய் பூசித் திரும்பவும் மாட்டுவதை நிறுத்துங்கள்.

வேலையாட்கள் நிற்கும் தட்டின் சுமையையும் முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும். சாதாரணக் கட்டுமான வேலைக்குரிய தட்டு சதுர மீற்றருக்கு 200 கிலோ வரையே தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. அது நான்கு மூடை சீமெந்து. மேசன் பாஸும் உதவியாளும் கலவைத் தாச்சியும் தண்ணீர் வாளியும் அதற்குள் அடங்கவேண்டும்.

சாரத்தை ஏழு நாட்களுக்கு ஒரு முறையும், பெருமழைக்கும் கடுங்காற்றுக்கும் பிறகும், அனுபவமுள்ள ஒருவர் பார்வையிட்டுக் கையெழுத்திடவேண்டும். பிரிக்கும்போது மேலிருந்து தட்டுத் தட்டாக இறங்கி, அந்தந்த மட்டத்துப் பிணைப்பை அந்த மட்டத்தோடு மட்டும் கழற்றவேண்டும். எல்லாப் பிணைப்புகளையும் முதலில் அகற்றிவிட்டுப் பிரிக்கத் தொடங்குவது தற்கொலைக்கு ஒப்பானது.

சாரத்தில் ஏறும் தம்பிமாரே, உங்களை வருந்திக் கேட்கிறேன்: ஏறும் முன் சுவரோடு பிணைத்திருக்கிறதா என்று அண்ணாந்து ஒரு தரம் பாருங்கள். பிணைப்பு தெரியாவிட்டால் ஏறாதீர்கள், மேற்பார்வையாளரை அழையுங்கள். வீடு கட்டும் உரிமையாளர்களும் விலைமதிப்பு வாங்கும்போது சாரக்கட்டுக்கெனத் தனிப் பதிவு கேளுங்கள். அதில் பிணைப்புகளின் எண்ணிக்கையும் இடமும், தட்டு தாங்கும் சுமையும், வலை உண்டா என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.