குழி தோண்டாத கழிப்பறை

ஆற்றங்கரை ஊர்களில் குழிக் கக்கூஸ் கட்டினால் ஒரு தொல்லை உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்தால் நிலத்தடி நீர் மேலே ஏறும். குழியில் கிடப்பது அதோடு கரைந்து பக்கத்துக் கிணற்றுக்கும் அடிபம்புக்கும் போய்ச் சேரும். காவிரிக் கரையில் உள்ள முசிறிப் பகுதியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் இதற்கு வேறு வழி பார்த்தது. குழியே வேண்டாம், தரைக்கு மேலே தொட்டி கட்டுவோம் என்றது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கழிப்பறைக்கு ஈகோசான் என்று பெயர். மலம், சிறுநீர், கழுவும் தண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, அதுதான் இதன் சூட்சுமம். காகிதத்தால் துடைத்துக்கொள்ளும் நாடுகளில் இரண்டு வழி போதும். நமக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாதே! 1990-களில் கேரளத்தின் புல்லுவிளை மீனவர் கிராமத்தில் பால் கால்வர்ட் என்ற பிரிட்டன்காரர் இதற்குத் தகுந்தபடி கோப்பையை மாற்றினார். நடுத்துளையில் மலம் நேரே கீழ்த்தொட்டியில் விழும். முன்பக்கச் சரிவில் சிறுநீர் குழாய் வழியே கேனுக்குப் போகும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கழுவினால், அந்தத் தண்ணீர் வெளியே கல்வாழைப் பாத்திக்கு ஓடிவிடும். எழுந்ததும் துளையில் ஒரு கை சாம்பல் போட்டு மூடிவிட வேண்டும்.

சாம்பல் எதற்கு? அது ஈரத்தை உறிஞ்சுகிறது, காரத்தன்மையை ஏற்றுகிறது. கிருமிகளுக்கு இரண்டுமே ஆகாது. நாற்றமும் ஈயும் ஈரத்தால்தான் வருகின்றன என்பதால் அவையும் அடங்கிவிடும். தொட்டிகள் இரண்டு இருக்கும். ஒன்று நிறைந்ததும் அதை மூடிவைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஓராண்டுக்கு மேல் கிடந்தால், எளிதில் சாகாத உருளைப்புழு முட்டைகூட மடிந்துவிடும். நடுவில் யாராவது ஒரு சொம்புத் தண்ணீரைத் துளைக்குள் ஊற்றிவிட்டால் போச்சு, நாற்றம் கிளம்பிவிடும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள்தான் இதற்குப் பெரிய எதிரிகள்.

சிறுநீர் கதை வேறு. உடல் வெளியேற்றும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கும், மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பாதிக்கு மேலும் அதில்தான் போகின்றன. கேனில் வைத்த சில நாட்களில் பாக்டீரியாக்களின் நொதி அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். அந்த அம்மோனியா கிருமிகளைக் கொல்லும். ஆனால் மூடி திறந்திருந்தால் அது காற்றோடு போய்விடும், உரமும் கூடவே போய்விடும். அதனால் கேனை இறுக்கி மூடி, ஒரு மாதமாவது வைத்திருந்து, நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும். இலையில் பட்டால் கருகும். உப்பு நிலத்துக்கு இது ஆகாது.

முசிறி வட்டாரத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. வாழைக்குத் தழைச்சத்தைவிட சாம்பல் சத்துதான் (பொட்டாசியம்) அதிகம் வேண்டும், சிறுநீரிலோ அது குறைவு. அதனால் இதை மட்டும் ஊற்றித் தார் பெருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மிச்சத்தை அடுப்புச் சாம்பலாலோ பொட்டாஷாலோ ஈடுகட்ட வேண்டும்.

சரி, இதில் காசு எவ்வளவு? முசிறிப் பொதுக் கழிப்பறையில், சிறுநீருக்காக வந்து போகிறவர்களுக்கே சில பைசா கொடுத்தார்கள். அதைக் கேட்டுவிட்டு இது தங்கச் சுரங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்து பேர் குடும்பத்தின் ஓராண்டுச் சிறுநீரில் ஏறக்குறைய 25 கிலோ யூரியாவுக்கு ஈடான தழைச்சத்து இருக்கும். மானிய விலையில் 45 கிலோ மூட்டையே முந்நூறு ரூபாய்க்குக் கீழே கிடைக்கிறது. இந்த அரை மூட்டைச் சத்துக்காக 2,000 லிட்டருக்கு மேல் தூக்கிச் சுமக்க வேண்டும்! விற்பதற்கு இது சரிவராது. வீட்டை ஒட்டியே தோட்டம் இருப்பவர்களுக்குத்தான் லாபம். செப்டிக் டேங்க் லாரிக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சுவதும், கோப்பை பதிக்கத் தெரிந்த கொத்தனாருக்கு வேலை கிடைப்பதும் தனிக் கணக்கு.

தொட்டியை யார் திறப்பது என்பதுதான் கடினமான கேள்வி. மலத்தைக் கையால் அள்ள வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இன்னமும் அந்த வேலை எந்தச் சாதியின் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓராண்டு கழித்துப் பின்கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது உதிரியான, மண்வாசனை அடிக்கும் தூள்தான். அந்த வீட்டுக்காரரே கூடையில் அள்ளிக் கொல்லையில் போடலாம். அப்படி அவரே அள்ளுகிற வீட்டில்தான் இந்தக் கழிப்பறை தொடர்ந்து நடக்கும். அதற்கு ஆள் தேடுகிற வீட்டில் சீக்கிரமே விறகு அடுக்கும் இடமாகிவிடும்.