ஊசி குத்தினால் பிழியாதீர்கள், உடனே சொல்லுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக வேலை பார்க்கிறேன். நோயாளிக்குப் போட்ட ஊசி தங்கள் மேல் குத்திய விஷயத்தை மறைத்துவிட்டு, தாங்க முடியாமல் பல நாள் கழித்து வந்து சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. போன வாரம் வந்தவர் தூய்மைப் பணி பார்க்கும் ஓர் அக்கா. மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைக் கட்டித் தூக்கும்போது தொடையில் சுருக்கென்று ஏறியிருக்கிறது. யாரோ கழற்றிப் போட்ட, நரம்பில் மருந்து ஏற்றும் கேனுலா ஊசி. முந்தானையால் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். "பாத்துத் தூக்கக் கூடாதான்னு திட்டுவாங்கம்மா, நாளையிலேர்ந்து வராதேன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டா?" என்றார். அதற்குள் மூன்று நாள் தாண்டிவிட்டது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த வாய்ப்பு அவருக்குப் போய்விட்டது. இனி மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனையும் பயமும்தான்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இந்தப் பிழிகிற பழக்கம். குத்தினவுடன் விரலைப் பிடித்து ரத்தம் வரும்வரை பிழிவது, சிலர் வாயில் வைத்து உறிஞ்சுவது, அப்புறம் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்ப்பது. படித்த சிஸ்டர்களும் இதைத்தான் செய்கிறார்கள், ஜூனியருக்கும் சொல்லித் தருகிறார்கள். பிழிந்தால் கிருமி வெளியே வந்துவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அழுத்த அழுத்த அந்த இடத்துச் சதைதான் நசுங்கும். ஸ்பிரிட்டும் டெட்டாலும் புண்ணை எரிச்சலாக்குமே தவிர உள்ளே போன வைரஸைத் தேடிப் பிடிக்காது. இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: பிழிந்து முடித்தவருக்கு ஏதோ வைத்தியம் செய்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது, அந்த நிம்மதியில் யாரிடமும் சொல்லாமல் டூட்டியைத் தொடர்கிறார். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீர். அவ்வளவுதான், உடனே டூட்டி டாக்டரிடம் போங்கள்.

"அந்தப் பேஷண்டுக்கு எச்.ஐ.வி. நெகட்டிவ்தானே" என்பது அடுத்த சமாதானம். பயப்பட வேண்டியது எச்.ஐ.வி.க்கு மட்டுமா? எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. மஞ்சள் காமாலை பி வைரஸ் என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு முப்பது வரை போகும். உலர்ந்த ரத்தத்திலும் அது ஏழு நாள் உயிரோடு இருக்கும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம் என மூன்று ஊசி. இன்று முப்பது வயது தாண்டியவர்களுக்குக் குழந்தையில் அரசு அட்டவணையில் இது கிடையாது, ஆகவே "சின்ன வயசுல எல்லாம் போட்டாச்சு" என்று சொல்லாதீர்கள். மூன்றாவது ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தத்தில் பாருங்கள், அந்த அளவு பத்துக்கு (mIU/mL) குறைவாக இருந்தால் மறுபடி போட வேண்டும்.

ராத்திரியில் பாம்பு கடித்தவரையும் பூச்சிமருந்து குடித்தவரையும் அடுத்தடுத்து வண்டியிலிருந்து இறக்கும்போது நாலு பேர் ஒரே நேரத்தில் கை வைக்கிறோம். கேனுலா போட்டவர் ஊசியைப் படுக்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் ஓடுகிறார். அது விரிப்போடு சுருட்டப்பட்டு சலவைக்காரர் கையில் போய் முடிகிறது. போட்டு முடித்த ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போங்கள், அறை மூலையில் இருந்தால் யாரும் நடக்க மாட்டார்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள், அமுக்கி அமுக்கித் திணிக்காதீர்கள். ஊசிக்கு மறுபடி மூடி போடவே கூடாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. போட்டவர்தான் அப்புறப்படுத்த வேண்டும், அடுத்தவருக்கு விட்டுவைக்காதீர்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு கெஞ்சல். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, கழிவைக் கையாளும் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை. ஒப்பந்த ஆட்களும் அதில் அடக்கம். குத்தியதைச் சொன்னவரிடம் "எப்படிக் குத்திக்கிட்ட" என்று விசாரணை தொடங்காதீர்கள், முதலில் மாத்திரை கிடைக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. வேதாரண்யம், முத்துப்பேட்டை மாதிரி தொலைவில் இருப்பவர்கள் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலில் கேளுங்கள், அங்கே இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்பது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஐ.சி.டி.சி. மையத்தின் ஆலோசகருக்குத் தெரியும். ராத்திரியில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற நம்பரை, தூய்மைப் பணியாளர்கள் உடை மாற்றும் அறையில், தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.