புது சப்டொமைன் திறக்கவில்லையா? ரெக்கார்டு போடும் முன்பே யார் தேடினார்கள் என்று கேளுங்கள்

"சார், 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் ஆகும், உலகம் முழுக்கப் பரவணும்." புதிதாக சப்டொமைன் (டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து உருவாக்கும் கிளைப் பெயர்) போட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன வழக்கம். பெரும்பாலும் இது சரியில்லாத பதில். தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி எது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் எதுவும் தானாகப் பரவுவதில்லை. யாராவது கேட்டால்தான் பதில் போகும். போன பதில் கேட்ட இடத்தில் கொஞ்ச நேரம் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், தங்கும்.

அந்த 48 மணி நேரக் கணக்குக்கும் ஒரு வேர் உண்டு. ஒரு .காம் டொமைனின் நேம்சர்வர்கள் (அந்த டொமைனின் பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்கள்) எவை என்று சொல்லும் மேல்மட்ட சர்வர்கள், அந்தப் பதிலை 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள், வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் தருகின்றன. நேம்சர்வரையே மாற்றினால் அந்தக் கணக்கைப் பேசலாம். சப்டொமைன் சேர்க்கும்போது அந்தப் பக்கம் யாரும் போவதே இல்லை.

அப்புறம் ஏன் தாமதம்? தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளித் தள்ளுபடிக்கென்று தனி சப்டொமைன். முகவரி இதுதான் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கடைப் பையன்கள் ஆளாளுக்குத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இந்தப் பெயருக்கு இந்த ஐபி முகவரி என்று சொல்லும் ரெக்கார்டு அதற்குப் பிறகுதான் போடப்பட்டது. மதியம் முதலாளி போன் செய்தார்: "என் மொபைல் டேட்டாவுல வருது சார், கடை வைஃபையில மட்டும் வரலை."

கடையின் இணைய நிறுவனம் வைத்திருக்கும் ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் சர்வர்), பையன்கள் கேட்டபோதே போய் விசாரித்து, "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டது. இல்லை என்பதும் ஒரு பதில்தான். அதுவும் கேஷில் ஏறும். எவ்வளவு நேரம் என்பதை 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்தது: டொமைனின் அடிப்படை விவரம் சொல்லும் எஸ்ஓஏ ரெக்கார்டில் உள்ள டிடிஎல் (பதிலை எத்தனை விநாடி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்), கடைசியில் இருக்கும் மினிமம் எண், இரண்டில் எது குறைவோ அது. அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இல் மினிமம் 86,400 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். எஸ்ஓஏ டிடிஎல் 900 என்பதால் கால் மணி நேரம்தான். இரண்டுமே 86,400 என்று வைத்த பழைய சர்வர்களில்தான் தலைவலி. அங்கேயும் பைண்ட் மாதிரியான ரிசால்வர் மென்பொருள், தனியாக மாற்றாதவரை, இல்லை என்ற பதிலை 3 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது.

நீங்கள் சப்டொமைன் ரெக்கார்டுக்குப் போட்ட 300 விநாடி டிடிஎல் இந்த இடத்தில் செல்லாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரெக்கார்டே இல்லாத நேரத்தில் கேட்டவருக்கு அந்த 300 எப்படித் தெரியும்? ரெக்கார்டை அழித்து மறுபடி போடுவதும் வீண் வேலை.

செய்ய வேண்டியது, நேம்சர்வரையே நேராகக் கேட்பது. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்கப் (nslookup) என்று அடித்து, இடைவெளி விட்டு சப்டொமைனின் முழுப் பெயர், மறுபடி இடைவெளி விட்டு உங்கள் நேம்சர்வரின் பெயர். ஐபி முகவரி சரியாக வந்தால் உங்கள் வேலை சரி, மிச்சம் கேஷ். அங்கேயும் இல்லை என்று வந்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது. பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் அடித்து, டொமைன் இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் நேம்சர்வர் கிளவுட்ஃப்ளேர் போன்ற வேறு நிறுவனத்தில் இருக்க, ஹோஸ்டிங் பேனலில் ரெக்கார்டைச் சேர்த்திருப்பார்கள். நான் பார்க்கும் புகார்களில் இந்த இரண்டும் அடிக்கடி வரும்.

கேஷ்தான் என்று தெரிந்தால், கணினியில் ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns) கட்டளை கொடுத்து, பிரவுசரை மூடித் திறந்து, ரவுட்டரையும் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். இணைய நிறுவனத்தின் கேஷில் நாம் கை வைக்க முடியாது. அவசரமென்றால் அந்தக் கணினியின் டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்று மாற்றலாம். அங்கேயும் பழைய பதில் மாட்டியிருந்தால், கூகுள், கிளவுட்ஃப்ளேர் இரண்டுமே கேஷை அழிக்கப் பொதுப் பக்கம் வைத்திருக்கின்றன. ஜவுளிக்கடையில் பில் போடும் கணினியில் மட்டும் இப்படி மாற்றினோம். மற்றவை தானாகச் சரியாயின.

இன்னொன்று. ரெக்கார்டைப் போட்டுச் சேமித்த பிறகே முகவரியைக் குழுவில் சொல்லுங்கள். டைப் அடித்துப் பார்க்கும் அரிப்பு நமக்கும் உண்டு, அதையும் அடக்க வேண்டும்.

"தளம் கிடைக்கவில்லை" என்பது மாறி, சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் டிஎன்எஸ் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து எஸ்எஸ்எல், அதாவது தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் பயன்படுத்துகிறவர்கள் சான்றிதழ் வாங்கும் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒரே பெயருக்கு மணிக்கு 5 தோல்விகள் வரைதான் பொறுத்துக்கொள்ளும், அப்புறம் காத்திருக்க வைத்துவிடும்.