ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்: முடிவெடுப்பது யார் என்று கேளுங்கள்

கோவை குறிச்சி சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரை, ஒரு டெண்டரில் விலைப்புள்ளியைத் திறக்கும் முன்பே தள்ளிவிட்டார்கள். அவர் இணைத்திருந்த, தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் செல்லாதாம். தங்கநிறக் கரை, ஹாலோகிராம், மூலையில் ஓர் உலக உருண்டை என்று பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆடிட் அறிக்கையை வாங்கிப் படித்தேன். 'வடிவமைப்புத் துறை சிறப்பாகச் செயல்படுகிறது' என்று எழுதியிருந்தது. அந்தப் பட்டறையில் ஆறு லேத், ஒரு மில்லிங் மெஷின், பதினெட்டுப் பேர். வரைபடம் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. வடிவமைப்புத் துறைக்கு அங்கே நாற்காலி போடக்கூட இடமில்லை. வேறு யாருக்கோ எழுதிய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கோப்பு தயாரித்துக் கொடுத்த கன்சல்டன்ட், ஆடிட்டர், சான்றிதழில் கையெழுத்திட்டவர் மூவரும் ஒரே ஆள்.

ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தரநிலைகளை எழுதுவது மட்டுமே அதன் வேலை. சான்றிதழ் கொடுப்பவை சான்றளிப்பு நிறுவனங்கள். அவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 17021-1 என்ற தரநிலை உண்டு. அதன்படி நடக்கிறார்களா என்று சோதித்து அங்கீகாரம் தருவது, இந்தியத் தர கவுன்சிலின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.சி.பி. வாரியம். பின்னணி இவ்வளவு போதும்.

சான்றளிப்பு நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பதே நீங்கள்தான். பணம் கொடுப்பவருக்குச் சாதகமாக முடிவு சாயும் ஆபத்து இருக்கிறது என்பதை அந்தத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் சில வேலிகளைப் போட்டிருக்கிறது. சான்றிதழ் தரும் நிறுவனம் ஆலோசனை விற்கக் கூடாது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன ஆள் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு உங்களை ஆடிட் செய்ய வரக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆடிட் செய்தவர் முடிவெடுக்கக் கூடாது என்பது. ஆடிட்டர் பரிந்துரை மட்டும் செய்வார். ஆடிட்டில் கலந்துகொள்ளாத வேறொருவரோ குழுவோ அறிக்கையைப் படித்துத்தான் 'கொடுக்கலாம்', 'கூடாது' என்று முடிவு செய்ய வேண்டும். ஆகவே ஆடிட் முடிந்த மாலையே சான்றிதழைக் கையில் கொடுத்தால் மகிழ வேண்டாம். அந்த அறிக்கையை யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

'எங்கள் கன்சல்டன்ட் மூலம் வந்தால் சீக்கிரம் முடியும், செலவும் குறையும்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் சொல்வதையே, குறிப்பால் உணர்த்துவதைக்கூட, தரநிலை தடைசெய்கிறது. ஆனாலும் விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டு திரிகிறார்கள்.

அடுத்த பொறி அங்கீகாரச் சின்னம். அங்கீகாரம் வாங்குவது கட்டாயமில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் சான்றளிப்பு நிறுவனம் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். சிலர் வெளிநாட்டில் தாங்களே ஒரு 'அங்கீகார வாரியம்' பதிவு செய்து, அதன் முத்திரையைத் தங்கள் சான்றிதழிலேயே குத்திக்கொள்கிறார்கள். அங்கீகார வாரியங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பின் (2025 வரை அதன் பெயர் ஐ.ஏ.எஃப்.) பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வாரியமா என்பதே கேள்வி. என்.ஏ.பி.சி.பி. கையெழுத்திட்டிருக்கிறது. நண்பரின் உலக உருண்டைக்காரர்கள் அந்தப் பக்கமே போனதில்லை.

அசல் அங்கீகாரம் உள்ள நிறுவனத்திலும் ஏமாறலாம். அங்கீகாரம் தொழில்வாரியாகத் தரப்படுகிறது. ஜவுளிக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் உங்கள் உலோக வேலைக்கும் பெற்றிருக்கும் என்று சொல்ல முடியாது. என்.ஏ.பி.சி.பி. இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயர் இருப்பதைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். உங்கள் தொழில் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சான்றிதழில் அங்கீகாரச் சின்னம் வருமா என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் எல்லாரும் 'வரும் சார்' என்றுதான் சொல்வார்கள்.

ஆடிட் எத்தனை நாள் என்பதும் அவர்கள் இஷ்டம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001க்கு ஆள் எண்ணிக்கையை வைத்து ஐ.ஏ.எஃப். வகுத்த ஒரு கணக்கு இருக்கிறது. 16 முதல் 25 பேர் வரை என்றால் முதல் ஆடிட்டுக்கு, இரண்டு கட்டமும் சேர்த்து, மூன்று நாள். காரணம் காட்டிக் குறைத்தாலும் 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. நண்பரின் பட்டறைக்கு வந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிறன்று லேத் ஓடாது. என்னத்தைப் பார்த்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

யார் ஆடிட்டர் என்பதை முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் சொல்ல அவகாசம் தர வேண்டும். உங்கள் போட்டியாளருக்கு ஆலோசகராக இருந்தவர் வருகிறார் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். பலர் இந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை. ஆடிட்டரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம்.

இனி அலைச்சலுக்கு வருவோம். சான்றிதழ் மறுத்தார்கள், அல்லது நியாயமில்லாமல் பெரிய என்.சி. (தரநிலைக்குப் பொருந்தாத குறை என்ற குறிப்பு) போட்டார்கள் என்றால் மேல்முறையீடு உண்டு. ஆடிட் செய்தவரும் முடிவெடுத்தவரும் அதை விசாரிக்கக் கூடாது. ஆனால் கன்சல்டன்டிடம் கேட்டால் 'கிளை அலுவலகத்தில் பேசுங்கள்' என்பார். கிளையில் 'தலைமை அலுவலகம்தான்' என்பார்கள். அங்கே 'உங்கள் கன்சல்டன்ட் மூலம் அனுப்புங்கள்' என்று முதல் படிக்கே இறக்கிவிடுவார்கள். இந்த வட்டத்தில் கால் வைக்காதீர்கள். தலைமை அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அது வந்து சேர்ந்தது என்று பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. அந்தப் பதிலைக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கடிதப் போக்குவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் என்.ஏ.பி.சி.பி.க்கு எழுதலாம். எடுத்த எடுப்பில் அங்கே போனால் 'முதலில் நிறுவனத்திடம் முறையிட்டீர்களா?' என்ற கேள்வியோடு திரும்புவீர்கள். அங்கீகாரமே இல்லாத நிறுவனம் என்றால் என்.ஏ.பி.சி.பி.யாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. நண்பரின் கதை அங்கேதான் முடிந்தது. கட்டிய பணம் போனது போனதுதான்.

அந்தச் சான்றிதழை நல்ல நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அங்கீகாரம் பெற்ற சான்றிதழை மட்டுமே மாற்ற முடியும் என்பதால் அவர் ஒன்றிலிருந்து தொடங்கினார். இந்த முறை வந்த ஆடிட்டர் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்து, கடைசியாக இதை எப்போது அளவுச்சோதனைக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார். பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு என்.சி. விழுந்தது, அதைச் சரிசெய்து அனுப்பி, வேறொருவர் பார்த்து முடிவெடுக்க வாரங்கள் ஆயின. இந்த நாட்களையும் கணக்கில் வைத்துக்கொண்டு டெண்டருக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குங்கள். அறிவிப்பைப் பார்த்த பிறகு ஓடினால், 'மூன்றே நாளில் சான்றிதழ்' என்பவர் வாசலில்தான் போய் நிற்பீர்கள்.