விட்ட மீன் பிழைத்ததா?

"பிடிச்சிட்டு விட்டிட்டம்தானே, பிறகென்ன?" ஒன்ராறியோ ஏரிகளில் தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போவது என் தொழில். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு கோடைகாலமும் கழிந்ததில்லை. விட்ட மீன் வாலை அடித்துக்கொண்டு கீழே போனால் பிழைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படிப் போனதில் சில, சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோ செத்துப்போகும். அதற்குள் நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். மீன் பிழைக்குமா என்பது விடும் நேரத்தில் தீர்மானமாவதைவிட, என்ன தூண்டில், என்ன நூல், எந்த ஆழம் என்று கரையில் நின்று முடிவெடுக்கும்போதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

தடியிலிருந்து தொடங்கலாம். வருகிறவர்களில் சிலர் பிள்ளைகளுக்கு வாங்கிய மெல்லிய தடியோடு வருவார்கள், வேறு சிலர் கடல் மீன் இழுக்கும் தடியோடு வருவார்கள். வால்ஐ மீனுக்கு ஆறரை முதல் ஏழு அடி நீளமான நடுத்தரத் தடி, 2500 அளவு ரீல், 10 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூல், அதன் நுனியில் நீருக்குள் எளிதில் தெரியாத ஃபுளோரோகார்பன் நூலில் ஒரு துண்டு போதும். மெல்லிய தங்கூசி நூலில் பெரிய மீனை நெடுநேரம் ஆட்டி இழுப்பதைக் கெட்டித்தனம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இழுபறி நீள நீள மீனின் தசையில் அமிலம் சேர்ந்து அது களைத்துப்போகும், அந்தக் களைப்போடுதான் விடப்படுகிறது. பைக், மஸ்கி போன்ற கூரிய பல்லுள்ள மீன்கள் இருக்கும் ஏரி என்றால், நூலின் நுனியில் ஒரு துண்டு கம்பி கட்டாமல் போகாதீர்கள். பைக்கின் பல் சாதாரண நூலைக் கத்திபோல அறுத்துவிடும். நீங்கள் இழப்பது ஒரு செயற்கை இரையைத்தான், மீனோ வாயில் இரண்டு மும்முனைத் தூண்டிலோடு திரியும்.

அந்த மும்முனைத் தூண்டில்தான் எனக்குத் தீராத தலைவலி. கடையில் வாங்கும் செயற்கை இரைகளில் பெரும்பாலும் இரண்டு, மூன்று மும்முனைகள் தொங்கும். ஒன்று வாயில் ஏறினால் மற்றது கண்ணிலோ செவுளிலோ ஏறும். அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தூண்டில் மாட்டலாம். குறைந்தபட்சம் முனைக்குக் கீழே பின்பக்கமாக நிற்கும் சிறு முள்ளையாவது குறட்டால் நசுக்கிவிடலாம். நூலைத் தொய்யவிடாமல் இழுத்தால் முள் நசுக்கிய தூண்டிலிலும் மீன் தப்பாது. மீனுக்காக இல்லாவிட்டாலும், படகில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் விரலுக்காகவாவது இதைச் செய்யுங்கள்.

மண்புழு கோத்து மிதப்பு கட்டிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பது நம் ஆட்களுக்குப் பிடித்த முறை. நானும் குறை சொல்லமாட்டேன், ஆனால் அதில் மீன் தூண்டிலைத் தொண்டை வரை விழுங்கிவிடும். வட்டத் தூண்டில் போட்டால் பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் கொளுவும். அதைப் பாவிக்கும்போது தடியை வெட்டி இழுக்கக்கூடாது, மெதுவாக ரீலைச் சுற்றினால் போதும். அப்படியும் விழுங்கிவிட்டதா? விரலையும் குறட்டையும் உள்ளே விட்டுக் கிளறவேண்டாம். நூலைத் தூண்டிலுக்குக் கிட்ட வெட்டிவிடுங்கள். தொண்டையைக் கிழித்துத் தூண்டிலை மீட்பதைவிட, தூண்டிலோடு விட்ட மீனுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இனி ஆழம். இதைத்தான் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மீனுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது, நீரில் நின்ற இடத்தில் நிற்க அதுதான் உதவுகிறது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று மடங்கு. அங்கிருந்து சடசடவென்று மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று அதே கணக்கில் விரிய வேண்டும். லேக் ட்ரவுட், வைட்ஃபிஷ், பைக் ஆகியவற்றுக்குக் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு வழி உண்டு, ஏப்பம் விடுவதுபோலக் காற்றை வெளியேற்றிவிடும். லேக் ட்ரவுட் மேலே வரும்போது நீரில் குமிழி குமிழியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. வால்ஐ, பேர்ச், கிராப்பி, பாஸ் ஆகியவற்றுக்கு அந்த வழி கிடையாது. கண் பிதுங்கி, வயிறு ஊதி, தலைகீழாக மிதக்கும். சிலவற்றின் வாயில் இளஞ்சிவப்பாக ஒன்று பிதுங்கி நிற்கும். அது காற்றுப்பை என்று நினைத்துக் குத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மீனின் இரைப்பை! விலாப்பக்கம் ஊசி குத்திக் காற்றை எடுப்பதும் பழக்கமில்லாத கைக்கு ஆபத்தான வேலை. எடை கட்டி மீனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கும் கருவி இருந்தால் அது மேல்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. 10 மீற்றரைத் தாண்டிய ஆழத்தில் வால்ஐ, பேர்ச் பிடிப்பதென்றால் சாப்பிடத்தான் பிடிக்கவேண்டும், அனுமதித்த எண்ணிக்கை வந்ததும் தூண்டிலைச் சுருட்டவேண்டும். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைத் தேடும் விளையாட்டு அந்த ஆழத்தில் சரிவராது. சிம்கோ ஏரியின் மிக ஆழமான இடம் ஏறக்குறைய 41 மீற்றர். குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்துப் பேர்ச் பிடிக்கும்போது இதே சிக்கல்தான். "இது சின்னன்" என்று துளைக்குள் திரும்பப் போடுவதும், அது கட்டிக்கு அடியில் மல்லாந்து மிதப்பதும் அங்கே நடக்கும். விடப்போகும் மீனை அங்கே பனிமேல் போட்டு வைக்கவும் கூடாது, கண்ணும் செவுளும் நொடியில் உறைந்துவிடும். றைஸ் ஏரி போன்ற ஆழம் குறைந்த இடங்களில் ஆழத்தைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம், அங்கே வெப்பம்தான் எதிரி.

வெப்பம் என்றதும் ஏரி முழுவதும் ஒரே சூடு என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் ஆழமான ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே குளிக்க இதமான நீர், சில மீற்றர் கீழே போனதும் சட்டென்று குளிர். லேக் ட்ரவுட்டுக்கு 10 பாகை செல்சியஸை ஒட்டிய நீர்தான் பிடிக்கும், அதனால் ஆகஸ்டில் அடியிலேயே கிடக்கும். அதை மேலே 24 பாகை நீருக்கூடாக இழுத்து, படம் எடுத்து, திரும்ப விடுவது, அது காற்றை எவ்வளவு ஏப்பம் விட்டாலும், சித்திரவதைதான். அந்த மாதங்களில் யாராவது "ட்ரவுட் பிடிச்சு விடுவம்" என்று கேட்டால் நான் பாஸ் பக்கம் திருப்பிவிடுவேன். காசு போனாலும் பரவாயில்லை.

மீனைக் கோலி எடுக்கும் கைவலை விஷயத்தில் நீண்ட பிரசங்கம் தேவையில்லை. முடிச்சுப்போட்ட நைலோன் வலை மீனின் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துச் செட்டையைக் கிழிக்கும். ரப்பர் பூசிய வலை வாங்குங்கள். கையை நனைத்த பிறகு தொடுங்கள். கமரா தயாராகும் வரை மீன் வலையோடு நீருக்குள் இருக்கட்டும். பெரிய மீனைத் தாடையில் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றில் ஒரு கை கொடுத்துக் கிடையாகத் தூக்குங்கள்.

யூன் மாதத்தில் இன்னொன்று. ஆண் பாஸ் அப்போது கூட்டில் முட்டைக்குக் காவல் நிற்கும், கிட்ட வரும் எதையும் கடிக்கும். பிடிப்பது அவ்வளவு சுகம்! ஆனால் அதைத் தூக்கிப் படம் எடுக்கும் சில நிமிடங்களுக்குள் சன்ஃபிஷும் பேர்ச்சும் கூட்டுக்குள் புகுந்துவிடும். ஒன்ராறியோவின் ஒபினிகொன் ஏரியில் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். மீனை விட்டாலும் அது கூட்டைக் கைவிட்டுப் போய்விடலாம். பாஸ் பிடிக்க அனுமதிக்கும் பருவம் திறக்கும் முன் கரையோரம் அதற்குத் தூண்டில் எறியாதீர்கள்.

தூண்டில் நூலை அமிழ்த்தக் கட்டும் ஈயக்குண்டு பற்றியும் சொல்லவேண்டும். கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவை, இரையை அரைக்க ஏரியின் அடியில் சிறுகற்களைப் பொறுக்கி விழுங்கும். நாம் அறுத்துவிட்ட ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். ஒரு சின்னக் குண்டே அதைக் கொல்லப் போதும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் (தலையில் ஈயம் வார்த்த தூண்டில்) 1997 முதல் தடை. மற்ற இடங்களில் கடைக்காரர் கேட்காமலேயே ஈயத்தைத்தான் எடுத்துத் தருவார். டங்ஸ்டன் விலை கூட, ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குச் சின்னதாக இருக்கும், அடியில் கல் தட்டுவதும் கையில் நன்றாகத் தெரியும். சாதாரணக் குண்டுக்கு வெள்ளீயமே போதும்.

உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்ராறியோவில் சட்டம் இறுகிவிட்டது. 2022 முதல் மாகாணம் நான்கு இரை வலயங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றதற்கு இரையைக் கொண்டுபோகக்கூடாது. வாங்கிய பற்றுச்சீட்டைப் பையில் வைத்திருங்கள். மிச்ச மீனையும் வாளித் தண்ணீரையும் ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றக்கூடாது. "பாவம், உயிரோட விடுவம்" என்ற இரக்கம் இங்கே வேண்டாம், றவுண்ட் கோபி போன்ற வேற்றிட மீன்களும் நோய்க்கிருமிகளும் புதிய ஏரிக்குப் போகும் வழிகளில் அதுவும் ஒன்று. ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவுக்குள் உயிருள்ள இரைமீனுக்கே அனுமதியில்லை.

அப்புறம் சாப்பிடும் மீன். பெரிய வால்ஐ, பெரிய பைக் பிடித்தால் வீட்டில் பெருமையாக இருக்கும், ஆனால் வயது கூடக் கூட அதன் தசையில் பாதரசம் சேரும். தோலையும் கொழுப்பையும் வெட்டினாலும், புளி விட்டு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. எந்த ஏரியில், எந்த மீன், எந்த நீளத்தில், மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனி அளவு போட்டிருக்கிறார்கள். பெரியவை முட்டையிடட்டும் என்று விட்டுவிட்டு, அந்த ஏரியின் சட்டம் அனுமதிக்கும் நடுத்தர அளவு மீனைக் குழம்புக்கு எடுங்கள். பைக்கைக் குழம்பில் போடுகிறவர்கள் முதுகுச் சதைக்குள் ஓடும், Y வடிவக் கவைமுள் வரிசையை முதலில் வெட்டி எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அடுத்த முறை தொடமாட்டார்கள்.