டீலரின் இரண்டு சீட்டும் திறந்திருந்தால்: டபுள் எக்ஸ்போஷர் பிளாக்ஜாக்கின் கணக்கு

பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல், சூதாட்ட விடுதிக்காக ஆடும் டீலரைவிட அதிக எண்ணிக்கை சேர்க்கும் சீட்டாட்டம். அதன் வழக்கமான வடிவத்தில் டீலரின் ஒரு சீட்டு கவிழ்ந்தே இருக்கும். ஆட்டக்காரரின் உத்தி முழுவதும் அந்தச் சீட்டை ஊகிப்பதில்தான் நிற்கிறது. டபுள் எக்ஸ்போஷரில் டீலரின் முதல் இரண்டு சீட்டுகளும் திறந்தே வைக்கப்படும். கணிதவியலாளர் ரிச்சர்ட் எப்ஸ்டீன் அலசிய இந்த வடிவத்தை 1979-இல் பாப் ஸ்டுபாக் லாஸ் வேகாஸில் தம்முடைய வேகாஸ் வேர்ல்டு சூதாட்ட விடுதியில் மேசைக்குக் கொண்டுவந்தார். பிறகு இது ஆன்லைனுக்கும் வந்தது.

இந்தச் சலுகைக்கு ஆட்டக்காரர் இரண்டு வகையில் விலை கொடுக்கிறார். முதலாவது, ஏஸும் (1 அல்லது 11 ஆக எண்ணப்படும்) 10 மதிப்புச் சீட்டும் (10, ஜாக், ராணி, கிங்) சேர்ந்து பிளாக்ஜாக் விழுந்தால் கிடைப்பது வழக்கமான ஒன்றரை மடங்கு (2-க்கு 3) அல்ல, பந்தயத்துக்குச் சமமான தொகை மட்டுமே. ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒருமுறை பிளாக்ஜாக் விழும் என்பதால் இதில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் போய்விடுகிறது. இரண்டாவதுதான் பெரிய வெட்டு: இருவருக்கும் ஒரே எண்ணிக்கை வந்தால் டீலருக்கே வெற்றி. வழக்கமான ஆட்டத்தில் 100 கைகளில் 8, 9 சமனில் முடிந்து பந்தயம் திரும்பி வரும். இங்கே அத்தனையும் தோல்வி. பெரும்பாலான மேசைகளில் பிளாக்ஜாக் சமன் மட்டும் ஆட்டக்காரருக்குச் சாதகம். சீட்டு மறைவாக இல்லாததால், டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று வைக்கும் பக்கப் பந்தயமான இன்ஷூரன்ஸுக்கு வேலையே இல்லை.

எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் வழக்கமான உத்தி அட்டையை வைத்து இதை ஆடுவதே பலர் செய்யும் தவறு. டீலரிடம் 10-உம் கிங்கும் சேர்ந்து 20 இருக்கிறது, உங்களிடமும் 20 என்றால், மேலும் சீட்டு எடுக்காமல் நின்றால் தோல்வி நிச்சயம். ஆகவே ஹிட், அதாவது இன்னொரு சீட்டு, எடுக்க வேண்டும். ஏஸ் வந்தால் மட்டும் பிழைப்பீர்கள், 13-இல் 1 வாய்ப்பு. கை நடுங்கும், ஆனால் கணக்கு அப்படித்தான். டீலரிடம் ஏஸ் இல்லாத 18 இருந்து உங்களிடமும் 18 என்றால் ஏஸ், 2, 3 ஆகிய மூன்றில் ஒன்று வர வேண்டும். டீலர் நிற்கும் எண்ணிக்கை (17-உம் அதற்கு மேலும்; அதற்குக் கீழே அவர் எடுத்தாக வேண்டும்) கண்ணெதிரே இருக்கும்போது அதைத் தாண்டும்வரை எடுத்துக்கொண்டே இருப்பதுதான் விதி.

டீலர் 12 முதல் 16 வரை மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் இந்த ஆட்டம் பணம் தருகிறது. ஏஸை 11 ஆக எண்ணாத கை என்றால், டீலர் 21-ஐத் தாண்டி உடையும் வாய்ப்பு 12-க்கு 48.3 சதவீதம், 13-க்கு 52, 14-க்கு 55.4, 15-க்கு 58.6, 16-க்கு 61.5. ஏஸும் 5-உம் சேர்ந்த 16-ஐ இதில் சேர்க்கக் கூடாது. அடுத்த ஒரு சீட்டில் அது உடையவே உடையாது.

டீலரிடம் 10-உம் 6-உம், உங்களிடம் இரண்டு 10 என்று வைத்துக்கொள்வோம். பந்தயம் 100. அப்படியே நின்றால் டீலருக்கு 4 அல்லது 5 வந்தால்தான் தோற்பீர்கள்; சராசரி லாபம் 69. இரண்டு 10-ஐயும் தனித்தனிக் கையாகப் பிரித்து, இரண்டாவது கைக்கும் 100 வைத்து ஸ்பிளிட் ஆடினால் ஒவ்வொரு கையும் சராசரியாக 45.5 தரும், மொத்தம் 91. இரண்டாவது சீட்டு எவ்வளவு மோசமாக வந்தாலும் டீலர் உடையும் வாய்ப்பு அந்தக் கையையும் லாபத்தில் நிறுத்துகிறது. வழக்கமான ஆட்டத்தில் 20-ஐப் பிரிப்பது பெரும்பாலும் வீண். இங்கே பிரிக்காமல் விடுவதுதான் இழப்பு. 11-உம் அதற்குக் கீழும் இருந்தால் இதே 16-க்கு எதிராக டபுள் செய்யலாம், அதாவது பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு எடுக்கலாம். ஒரே சீட்டில் நீங்கள் உடைய வழியில்லை.

இப்படி ஆடினால் நல்ல விதிகள் உள்ள மேசையில் விடுதியின் சாதகம் (பந்தயத்தில் அது சராசரியாக எடுத்துக்கொள்ளும் பங்கு) 1 சதவீதத்துக்குக் கீழே வரும். ஆனாலும் அது விடுதியின் பக்கமே நிற்கும். ஏற்கெனவே வெளிவந்த சீட்டுகளை எண்ணி அதைத் திருப்ப ஆன்லைனில் வழியில்லை. மென்பொருள் ஆட்டங்களில் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது.

பந்தயம் வைக்கும் முன் விதிப் பக்கத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும். ஏஸை 11 ஆக எண்ணிய 17-இல் டீலர் நிற்பாரா, எடுப்பாரா? எடுப்பது உங்களுக்குப் பாதகம். டபுள் எந்தக் கைக்கும் உண்டா, 9, 10, 11-க்கு மட்டுமா? 10-உம் கிங்கும் சேர்ந்ததைப் பிரிக்க முடியுமா? ஒரே பெயர் கொண்ட சீட்டு ஜோடியை மட்டுமே பிரிக்க விடும் ஆட்டங்களும் உண்டு. அங்கே மேலே சொன்ன 91 இரண்டு 10, இரண்டு கிங், இரண்டு ராணி போன்ற ஜோடி வரும்போது மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும்.